மீனா, மின்சாரமா? பொய்ச் சண்டை!

தோழர்களே!

"மீனைக் காப்பாற்றப் போனால் கட்டணம் ஏறும், ஏழைத் தொழிலாளி தலையில்தான் விழும்!" அணையில் மீனுக்கு வழி விடு என்று கேட்டால் போதும், இந்தக் கூப்பாடு கிளம்பிவிடும். தொழிலாளி மேல் என்ன கரிசனம்! இந்தக் கரிசனத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது சியாட்டில் நகரம். அந்தப் பக்கத்து ஆறுகளின் செல்வம் சால்மன் மீன். அது ஆற்றிலே பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே எதிர்நீச்சல் போட்டுத் திரும்பும். வழியில் சுவர் எழுப்பினால் வம்சமே அற்றுப் போகும். 1999ல், அந்த வட்டாரத்துச் சினூக் சால்மன் அழியும் அபாயத்தில் இருக்கிறது என்று அமெரிக்க சர்க்காரே அறிவிக்க நேர்ந்தது.

சுவரை எழுப்பியது யார்? எழுப்பியவர்களில் ஒருவர் சியாட்டில் நகரசபையேதான்!

1889ல் சியாட்டில் தீப்பிடித்து எரிந்தது. தனியார் கம்பெனியின் தண்ணீர்க் குழாய்கள் கைவிட்டன. ஜனங்கள் கொதித்தெழுந்து, ஓட்டுப் போட்டு, தண்ணீரைப் பொதுச்சொத்து ஆக்கினார்கள். நல்ல காரியம்! 1901ல் சீடர் ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. ஆனால் அதற்காக லாண்ட்ஸ்பர்க்கில் கட்டிய தடுப்பணை நூறு வருஷம் மீனை மறித்தது. 2003ல்தான் மீன் ஏறிச் செல்ல வழி கட்டினார்கள். அணைக்கு மேலே சுமார் 17 மைல் ஆறு திறந்தது. சினூக் மீன் மேலே போய் முட்டையிட்டது. குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்றா? நகரம் தாகத்தால் செத்ததா? இல்லை! அப்படியானால் நூறு வருஷம் ஏன் செய்யவில்லை? கேட்கவேண்டியவர்கள் அழுத்திக் கேட்கும் வரை எந்த நகரசபையும் அசையாது. அதுதான் காரணம்.

ஸ்காஜிட் ஆற்றின் கதை

வடக்கே ஸ்காஜிட் ஆற்றில் நகர மின்சார இலாகாவுக்கு மூன்று அணைகள்: கார்ஜ், டயப்லோ, ராஸ். நகரத்து மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. 1924 முதல் விளக்கு எரிகிறது. மீனுக்கு மட்டும் வழியில்லை. "அணைக்கு மேலே சால்மன் இயற்கையாகவே போனதில்லை" என்று இலாகா வெகுகாலம் வாதாடியது. அதே வாயால் "நாட்டிலேயே பசுமையான மின்சாரம்" என்று தம்பட்டமும் அடித்தது!

ஆற்றங்கரைப் பழங்குடி மக்களை யார் கேட்டார்கள்? 1855 ஒப்பந்தத்தில் அவர்களுடைய நிலத்தை வாங்கிக்கொண்டு, "மீன் பிடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிய மை காய்ந்தது, வாக்கும் காய்ந்தது. 1960களில், ஒப்பந்தப்படி வலை வீசிய பழங்குடி மீனவர்களைப் போலீஸ் அடித்தது, சிறையில் தள்ளியது. பில்லி பிராங்க் என்ற நிஸ்குவாலி மீனவர் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். அவர்கள் பின்வாங்கவில்லை. 1974ல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடி மக்களுக்கு!

பாதி சரி. ஆற்றில் மீனே இல்லையென்றால் எதில் பாதி?

அதனால்தான் 2021ல் சாக்-சுவியாட்டில் மக்கள் நகரத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2023ல் நகரம் இறங்கி வந்தது. அணைகளில் மீன்வழி அமைக்கும் திட்டத்தைப் புதிய லைசென்சில் சேர்க்க ஒப்புக்கொண்டது. போராடியவர்களின் வெற்றி இது! ஆனால் காகிதத்தில் மீன் ஏறாது. கட்டி முடிக்கும்வரை கண்காணிப்பு வேண்டும்.

செலவு யார் தலையில்?

இப்போது அந்தக் கூப்பாட்டுக்கு வருவோம். இவ்வளவு காலம் மின்சாரம் மலிவாக இருந்தது எப்படி? செலவில் ஒரு பங்கை மீனவன் சுமந்தான். வலையை வெறுமையாக இழுத்து அதைக் கட்டினான். கணக்கில் எழுதாத அந்தப் பழைய பாக்கிதான் இன்று வெளிவருகிறது. அதைச் சின்னக் குடித்தனத்துத் தொழிலாளி தலையில் ஏற்றாதே! மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் பெரிய கம்பெனிகளிடம் முதலில் வாங்கு! மீனவனையும் மில் தொழிலாளியையும் மோதவிட்டு நடுவில் குளிர்காய்வது பழைய தந்திரம்.

இன்னொன்றையும் கேளுங்கள். நகரத்து ஓடைகளைப் பொதுப்பணம் போட்டுச் சீர்செய்தார்கள். கோஹோ என்ற சால்மன் திரும்பி வந்தது. மழை பெய்ததும் சினையோடு செத்து மிதந்தது! 2020ல் விஞ்ஞானிகள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். டயர் வெடிப்பு விடாமலிருக்கக் கலக்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து விஷமாகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு மழைநீரில் ஓடைக்கு இறங்குகிறது. அந்த நீரை மண்படுகையில் வடித்தால் மீன் பிழைக்கிறது. நகரசபை அதைச் செய்யட்டும். ஆனால் டயர் விற்ற லாபம் முதலாளிக்கு, விஷத்தைக் கழுவும் செலவு ஜனங்களுக்கு என்பது எந்த ஊர் நியாயம்? செய்தவனே கழுவட்டும்! மாற்று ரசாயனம் கண்டுபிடிக்கட்டும்!

தோழர்களே! தண்ணீரும் மின்சாரமும் பொதுவில் இருப்பது ஜனங்களின் பலம். தனியார் கம்பெனியிடம் "லாபம் குறையும்" என்ற சாக்கு இருக்கும். நகரசபைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஆனால் வாசலில் "பொது" என்று பலகை மாட்டினால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடாது. விளக்கெரிப்பவனுக்கும் வலை வீசுபவனுக்கும் ஒருங்கே பதில் சொன்னால்தான் அது பொது.

அணை கட்டிய கையே வழியும் திறக்கட்டும்!