முதற்பொருளை மறந்தவர்கள்

நிலவியல் படித்தவருக்கு வனப்பூங்காவில் என்ன வேலை என்று கேட்கிறார் நண்பர். இயற்கையாளர் என்றால் பறவைக்குப் பெயர் சொல்பவராம். தமிழ் படித்தவர், முதல், கரு, உரி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர். முதற்பொருளில் நிலம் இருப்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்காவில் 1929 முதல் 1940 வரை இயற்கையாளராக இருந்த எட்வின் மெக்கீ நிலவியலாளர்தான். அங்குள்ள கொக்கொனினோ மணற்பாறை, காற்று குவித்த மணல்மேடுகள் இறுகியது என்று 1930களிலேயே நிறுவ முயன்றவர். மேட்டுநிலத்தில் உருகும் பனிநீர் சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளில் இறங்குகிறது. கீழே களிப்பாறை தடுக்க, பள்ளத்தாக்கின் சுவரில் ஊற்றாகப் பீறிடுகிறது. வறண்ட அச்சரிவில் மரங்கள் அடர்வது அந்த ஊற்றடியில். பறவை வருவது அம்மரத்துக்கு. கருப்பொருளை மட்டும் சுட்டிவிட்டுக் கூலி வாங்குகிறவரை நான் பாதி இயற்கையாளர் என்பேன். நண்பர் மறுக்கட்டும், பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.