விடுமுறையும் உறவுப் பிள்ளைகளும்

கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் வந்து கூடும் பிள்ளைகளுள், மூத்த மகன் வீட்டுப் பேத்திக்கு 15 வயதும் கடைசி மகள் வீட்டுப் பேரனுக்கு 5 வயதும் ஆகியிருக்க, ஒரே கூடத்தில் அவள் கைப்பேசியோடும் அவன் அழுகையோடும் பொழுதைக் கழிப்பது இன்று பல குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. வயது வித்தியாசம் அதிகம், அதனால்தான் ஒட்டவில்லை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்கு இடங்கொடுக்கும் ஆட்டங்களை நாமே வீட்டை விட்டு அப்புறப்படுத்திவிட்டோம் என்பதுதான் என் திடமான அபிப்பிராயம்.

தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டி, தாயமாகிய 1 விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தவருக்கு மறுபடியும் உருட்டும் உரிமை உண்டு. கல்லூரியில் படிக்கும் அண்ணன் தாயம் விழாமல் தவித்துக்கொண்டிருக்க, எண்ணப் பழகும் தம்பி முதல் உருட்டிலேயே காயை இறக்கிவிட்டுக் குதிப்பான். ஆயினும் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது என்ற யோசனையில் மூத்தவனுடைய புத்திக்கும் வேலை இருப்பதால், அவனுக்கும் அலுப்புத் தட்டுவதில்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளையும் பெரியவள் வைத்துக்கொள்ள, 15 ஆடுகளையும் சிறுவர் இருவர் தங்களுக்குள் குசுகுசுவென்று ஆலோசித்து நகர்த்தலாம்.

ஓடிப் பிடிக்கும் ஆட்டங்களுக்கும் பிள்ளைகள் தாமே ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். கடைக்குட்டியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவன் பிடிபட்டவனாகான், ஆனால் ஓட்டமும் கூச்சலும் அவனுக்கும் பூரணமாக உண்டு. பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத இந்தத் தர்மத்தைக் காட்டிலும் உயர்ந்த பாடத்தை எந்தக் கோடை முகாமும் கற்பித்துவிடாது.

வேலையும் விளையாட்டாகலாம். மொட்டைமாடியில் வடாம் பிழியும் காலையில், கூழ் நிறைந்த நாழியை அழுத்தப் பெரியவர்களின் கைவலு வேண்டும். காக்கை விரட்டக் குச்சியும் உற்சாகமும் போதும். அவரவர் வயதுக்கேற்ற காரியம் கிடைத்துவிட்டால் யாரும் யாருக்கும் பாரமாவதில்லை.

ஒன்றை மட்டும் நாம் செய்யலாகாது. "நீதானே பெரியவள், தம்பியைப் பார்த்துக்கொள்" என்று நாள் முழுதும் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, அதே வயதுப் பையனைக் கிரிக்கெட் ஆட அனுப்பிவிடுவது அநியாயம். சேர்ந்து ஆட வேண்டிய சிறுவனை அவளுக்குச் சுமையாக்கிவிட்டு, பாசம் வளரவில்லையே என்று பிறகு விசாரப்படுவதில் பயனில்லை. ஆட்டம் முடிந்தபின் தன் புத்தகத்தோடும் தன் தோழியோடும் இருக்க அவளுக்குப் பாத்தியதை உண்டு.

வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றாகிவிட்ட இந்நாளில், அண்ணா என்றும் அக்கா என்றும் அழைக்கப் பல குழந்தைகளுக்கு உறவுப் பிள்ளைகளை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே இந்தக் கோடையில் ஒரு ஜோடித் தாயக்கட்டை வாங்கி வையுங்கள். தினம் ஒரு மணி நேரமாவது பிள்ளைகளின் கைப்பேசிகளோடு உங்களுடையதையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆள் குறையும் கட்சியில் நீங்களும் உட்காருங்கள்.