விருந்தாளியாக இருக்கத் தெரியுமா நமக்கு?



கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நானும் என் கணவரும் ஆளுக்கொரு முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று வந்தோம். நாற்பது வயதைத் தாண்டிய இருவர் முதுகுப்பையோடு கிளம்புவதைக் கண்ட என் மாமியார், "என்ன, ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கா போறீங்க?" என்று கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து மலிவு விடுதிகளின் வாசலில் வரைபடத்தை விரித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தாம் அப்படிப் பை சுமப்பவர்கள் என்பது எங்கள் வீட்டாரின் எண்ணம். எங்கள் காரணம் வெறும் சிக்கனம். மலிவுக் கட்டண விமானத்தில் கையோடு கொண்டு செல்லும் 7 கிலோவுக்குக் கட்டணமில்லை. பெட்டி என்றால் தனியே வெள்ளி கட்ட வேண்டும். அந்த 7 கிலோவிலும் பாதியை மாமியார் வறுத்து அரைத்த மசாலைத்தூளும் முறுக்கும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் பிடித்துக்கொண்டன.

இது பயணக் கட்டுரை அன்று. குவோக்கா என்னும் சிறு விலங்கோடு நாங்கள் எடுத்துக்கொண்ட படங்களைக் காண விரும்புவோர் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வரலாம். அங்குச் சென்ற முதல் மூன்று நாள்களில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும், அந்தத் தவற்றை நம் மாணவர்களும் செய்யும்படி நாம் வளர்த்து வருகிறோமோ என்ற ஐயத்தைப் பற்றியும்தான் எழுத நினைக்கிறேன்.

நாங்கள் தேடிச் சென்ற தோழி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். ஒரே தட்டில் உண்டிருக்கிறோம். சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய பின்னர்க் கணவரோடு பெர்த்துக்குக் குடியேறிவிட்டாள். இப்பொழுது முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணியாற்றுகிறாள். பெரும்பாலும் இரவு வேலை. "எப்ப வர்றே?" என்று பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தவள்.

ஐந்தரை மணி நேரப் பயணம். கோலாலம்பூருக்கும் பெர்த்துக்கும் நேர வேறுபாடு இல்லை என்பதால் கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலையும் இல்லை. விமானத்தில் கொடுத்த படிவத்தில் உணவுப் பொருள் கொண்டு வந்திருப்பதாக மறைக்காமல் எழுதினோம். அதிகாரி பைகளைப் பிரித்துப் பார்த்து மசாலையையும் முறுக்கையும் திருப்பிக் கொடுத்தார். கறிவேப்பிலை மட்டும் தொட்டிக்குள் போயிற்று. (இடையில் ஒரு செய்தி. 1901-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, வேண்டாதவர் என்று கருதப்பட்டவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியை வாசித்து எழுதச் சொல்வார்களாம். எழுதத் தவறினால் திருப்பி அனுப்பிவிடலாம். இந்தத் தேர்வு 1958-இல்தான் ஒழிந்தது. நாம் வகுப்பில் நடத்தும் சொல்வதெழுதுதல் இப்படியும் ஒரு வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது!)

வெளியே வந்தபோது எங்களை அழைத்துச் செல்ல எவரும் இல்லை. முதல் நாளே குறுஞ்செய்தி வந்திருந்தது: "வேலை இருக்கிறது. இரயிலில் வந்துவிடுங்கள்." நம்மூரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் மூன்று கார்களில் பத்துப் பேர் செப்பாங்குக்குப் போவோம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 2022-இல் திறக்கப்பட்ட விமான நிலைய இரயில் தடத்தில் ஏறி, நகரில் இறங்கி, பேருந்து மாறி, வெயிலில் நடந்து வீட்டை அடைந்தோம். பூந்தொட்டியின் அடியில் சாவி. உள்ளே மேசைமேல் ஒரு தாள்.

அந்தத் தாளில் இருந்தவற்றை இன்றும் வரிசையாகச் சொல்வேன். சோறும் கறியும் குளிர்பெட்டியில் இரண்டாவது தட்டில். பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடி வைக்கவும். பிற்பகலில் கடற்காற்று வரும், அதற்கு இங்கு 'ஃப்ரிமேண்டல் டாக்டர்' என்று பெயர், அப்போது சன்னல்களைத் திறக்கவும். மஞ்சள் மூடித் தொட்டியை வியாழன் இரவு வாசலில் வைக்க வேண்டும். பேருந்தை விட்டு இறங்கும்போதும் பயண அட்டையைத் தொட்டுக்காட்ட மறக்க வேண்டாம். பையன் மூன்று மணிக்கு நீச்சல் வகுப்பிலிருந்து வருவான், அவனுக்கு ரொட்டி கொடுத்தால் போதும்.

"இருபது ஆண்டு நட்புக்கு இந்தத் தாள்தானா? வேலைக்காரிக்கு எழுதி வைப்பதைப் போலல்லவா இருக்கிறது?" என்று கணவரிடம் குமுறினேன். அவர், "சோறு எந்தத் தட்டுன்னு சொன்னே?" என்றார்.

அடுத்த இரண்டு நாள்களும் நாங்கள் முறையான விருந்தாளிகளாக இருந்தோம். தோழி காலை ஏழரைக்கு வேலை முடிந்து வருவாள். கையில் கிருமிநாசினி மணக்கும். எங்களுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டுப் படுப்பாள். நான்கு மணி நேரத்தில் எழுந்து சமைப்பாள். நாங்கள் உண்டுவிட்டுத் தட்டுகளை மேசையிலேயே விட்டு எழுந்தோம். அவள் "வை, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னாள் என்பது உண்மை. அதைக் கேட்டு நான் உட்கார்ந்துகொண்டேன் என்பதும் உண்மை. மனத்துக்குள் அந்தத் தாளின் மீதிருந்த கோபம் இன்னும் தணியவில்லை. உபசரிப்பில் குறை தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பகலில் அவளுடைய பதினொரு வயது மகன் எங்கள் தட்டுகளை எடுத்துக் கழுவத் தொடங்கினான். கழுவிக்கொண்டே, "ஆண்டி, உங்க வீட்டுல தட்டு யாரு கழுவுவாங்க?" என்று கேட்டான். அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை, அறிந்துகொள்ளும் ஆவல்தான். "நான்தான்" என்றேன். "அப்ப அங்கிள்?" என் கணவர் சன்னல் பக்கம் திரும்பிக் கடற்காற்று வருகிறதா என்று பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையில் வெங்காயத்தோடு, உறங்கிப்போயிருந்தாள்.

அன்று மாலை அவளிடம் மனத்தில் இருந்ததைச் சொன்னேன், அந்தத் தாளைப் பற்றியும். அவள் சிரித்தாள், கொஞ்சம் கண் கலங்கவும் செய்தாள். "உன்னைச் சொந்தக்காரியா நினைச்சுத்தான் சாவியை வெச்சிட்டுப் போனேன். வேற ஆளா இருந்தா லீவு போட்டிருப்பேன்" என்றாள். அவளும் மூன்று நாள்களாக மனம் நொந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தன் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் பகலில் கூடத்து நீள்நாற்காலியில் படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பின் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். விருந்தோம்பல் நமக்குப் பெருமை தரும் சொல். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. பத்துக் குறள்களையும் மீண்டும் படித்தேன். பத்தும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. விருந்தினர் அங்கே அனிச்ச மலரினும் மென்மையானவர். வாடாமல் காப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பிரிவுக் காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போதும் விருந்தினரை எதிர்கொள்ளும் வாய்ப்பு போனதைச் சொல்கிறாள். நன்னெறிக் கல்வி வகுப்பில் நாமும் இதையே சொல்லிக் கொடுக்கிறோம்: வருபவரை வரவேற்க வேண்டும், நீர் கொடுக்க வேண்டும், இன்முகம் காட்ட வேண்டும். வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறையேனும் கற்பித்திருக்கிறேனா? இல்லை.

ஆனால், நம் இலக்கியத்தில் விருந்தாளியின் பக்கத்தைப் பேசும் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. முன்னே சென்று வந்தவர் பின்னே செல்பவருக்கு, எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லும் பாட்டுகள். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் பல நாள் இறைச்சி விருந்து உண்ட பொருநன், பல்லே தேய்ந்துவிட்டது என்று நயமாகச் சொல்லி ஊர் திரும்ப விடை கேட்கிறான். எப்போது எழுந்து போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தோழி எழுதி வைத்த தாளும் ஓர் ஆற்றுப்படைதான் என்று இப்போது தோன்றுகிறது. முதுகுப்பைப் பயணிகளின் கையேடுகளும் அவ்வாறே. டோனி வீலர், மோரின் வீலர் என்ற இளம் தம்பதியர் இலண்டனிலிருந்து ஆசியா வழியாகப் பயணம் செய்து, பாலியிலிருந்து ஒரு படகில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் இறங்கி, 1972 டிசம்பர் 26-இல் சிட்னியை அடைந்தபோது அவர்கள் கையில் இருந்தது 27 சென்ட். எப்படி வந்தீர்கள் என்று பலரும் கேட்கவே, மறு ஆண்டு ஒரு சிறு நூலை எழுதிச் சமையலறை மேசையில் வைத்துத் தாங்களே கோத்து விற்றார்கள். அதுதான் லோன்லி பிளானட் பதிப்பகத்தின் தொடக்கம்.

நம் தோட்டப்புறத்து வாழ்க்கையிலும் விருந்தாளிக்கு ஒழுங்கு இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு அத்தைமார் வந்தால், பையை வைத்த கையோடு முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குத்தான் போவார்கள். ஒருவர் தேங்காய் துருவுவார், ஒருவர் மீன் ஆய்வார். பேச்சும் சிரிப்பும் அங்கேதான். மாமன்மார் மட்டும் வாசலில் உட்கார்ந்து தேநீர் கேட்பார்கள். இன்று அடுக்குமாடி வீடுகளில் அத்தைமாரும் வாசல் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அடுப்படியில் ஒருத்தி மட்டும் தனியே நிற்கிறாள். நாம் முன்னேறிவிட்டோம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமன்மார் அடுப்படிக்குப் போயிருந்தால் முன்னேற்றம் என்றிருப்பேன்.

பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், 'நான் விருந்தாளியாகச் சென்றால்' என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். பலர், வை-ஃபை கடவுச்சொல்லைப் பணிவாகக் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் தலைப்பை விட்டு விலகி எழுதியிருந்தான். ஞாயிறுதோறும் தன் வீட்டுக்கு உறவினர்கள் வருவார்களாம். அவர்கள் போன பிறகு அம்மா இரவு வெகுநேரம் பாத்திரம் கழுவுவாராம். திங்கட்கிழமை தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலையிலேயே வந்துவிடுமாம். அந்தக் கட்டுரைக்கு எப்படிப் புள்ளி போடுவது? தலைப்பையொட்டி எழுதவில்லை என்று சிவப்பு மையால் வெட்ட என்னால் இயலவில்லை.

இதைப் பெற்றோர் சந்திப்பில் சொன்னபோது ஒரு தாயார் வருத்தத்தோடு கேட்டார்: "டீச்சர், வந்தவங்களை வேலை வாங்கச் சொல்றீங்களா? நாளைக்கு என்னைத்தானே பேசுவாங்க?" அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. விருந்தாளி தட்டைக் கழுவினால் பழி வீட்டுக்காரிக்குத்தான் வருகிறது. அதனால்தான் இதைச் செய்யுமாறு வீட்டுக்காரியிடம் சொல்லிப் பயனில்லை என்கிறேன். அவள் "வேண்டாம், உட்காருங்கள்" என்றுதான் சொல்வாள். என் தோழியும் அதைத்தான் சொன்னாள். கேட்டும் உட்காராமல் எழுவதற்கு விருந்தாளியைத்தான் பழக்க வேண்டும், சிறு வயதிலேயே, குறிப்பாக ஆண் பிள்ளைகளை. முதல் வேளை உணவு விருந்தளிப்பவருக்கு உரியது. அந்த மகிழ்ச்சியில் நாம் குறுக்கிட வேண்டியதில்லை. இரண்டாம் வேளையிலிருந்து தன் தட்டைத் தானே கழுவலாம், படுத்த பாயை மடித்து வைக்கலாம், புறப்படும் நாளை முன்கூட்டியே சொல்லலாம். இவற்றுக்குத் தனிப் பாடநூல் வேண்டியதில்லை. நம் வீட்டு விருந்துகளுக்கு வரும் குழந்தைகள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான்காம் நாளிலிருந்து பெர்த்தில் சமையல் எங்களுடையதாயிற்று. மாமியாரின் மசாலையில் என் கணவர் மீன்குழம்பு வைத்தார். புளி கூடிவிட்டது, எவரும் சொல்லவில்லை. வியாழன் இரவு மஞ்சள் மூடித் தொட்டியை அவர்தான் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனார். தோழி அன்று ஏழு மணி நேரம் தொடர்ந்து உறங்கினாள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் அவள் குடும்பத்தோடு கிள்ளானுக்கு வருகிறாள். நான் இப்போதே ஒரு தாள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி: குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் பதற வேண்டாம், பின்கட்டில் நீலத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறேன்.