திடலே இல்லாதவரிடம் ஆடிய சான்று கேட்பதா?

நீந்தத் தெரியுமா என்றறிய நீரில் இறக்கிப் பார்ப்பதே உலக வழக்கு. 'உன் ஊரில் ஆறு இருந்ததா? அதில் நீ நீந்தியதற்குச் சான்று எங்கே?' என்று கரையிலேயே மறித்துத் திருப்பியனுப்புவது எவ்வூர் வழக்கு? உடற்கல்வி ஆசிரியராக விரும்பிப் பட்டப் படிப்பின் வாயிலுக்கு வரும் ஏழை இளைஞர் பலர்க்கு நேர்வது இதுவே. அதனை எடுத்துரைப்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

உடற்கல்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனப் போற்றப்பெறும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் ஆரி குரோ பக் என்னும் அமெரிக்கர். பின்னர்த் தமிழ்நாட்டு அரசு, உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றையே 2005-இல் தொடங்கியது. நூற்றாண்டுப் பழைமையுடைய இத்துறையின் வாயிலில் எத்தகைய தாழ் இடப்பட்டுள்ளது என்பதை மக்கள் அறிதல் வேண்டும்.

இளநிலை உடற்கல்விப் பட்டத்திற்கான சேர்க்கை நெறிமுறையை நடுவணரசின் ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்தது. ஓராண்டாக இருந்த படிப்பை ஈராண்டாக்கியதும் அந்நெறிமுறையே. உள்ளே நுழைய அது பல வாயில்களைக் காட்டிற்று. ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பள்ளி, மாவட்டம், கல்லூரிகளுக்கிடையே என்னும் நிலைகளில் ஏற்பளிக்கப்பட்ட போட்டியொன்றில் பங்கேற்ற சான்றும் உடையோர்க்கு ஒரு வாயில். மாநிலம், நாடு, பல்கலைக்கழகங்களுக்கிடையே என்னும் உயர்நிலைப் போட்டிகளில் ஆடினோர்க்கும், கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் முதல் மூன்று இடம் பெற்றோர்க்கும் 45 விழுக்காடே போதும். உடற்கல்வியையே பட்டமாகவோ பாடமாகவோ பயின்றோர்க்கும் 45 விழுக்காடு. பணியிலிருக்கும் ஆசிரியர்க்கு வேறொரு வாயில். இவற்றுள் நுழைந்த பின்னரே எழுத்துத் தேர்வும் விளையாட்டுத் திறத் தேர்வும் உடற்றகுதித் தேர்வும் நடைபெறும்.

மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இதில் குற்றம் தோன்றாது. ஆடாதவன் ஆட்டம் கற்பிக்கலாகுமா என்பர். ஆனால், வரிசையை உற்று நோக்குமின்! சான்றிதழ் முதலில், களம் பின்னால். தாளில் தேறாதவன் திடலில் கால்வைக்கவே இயலாது. தமிழோ வரலாறோ கணக்கோ பயின்று பட்டம் பெற்ற சிற்றூர்ப் பிள்ளைக்கு எஞ்சியுள்ளது சான்றிதழ் என்னும் வாயில் ஒன்றே.

யாம் பணியாற்றிய சிற்றூர்ப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமலே கிடந்தது. திடல் என்பது நெருஞ்சி படர்ந்த ஒரு மேடு. அங்குப் பயின்ற மாணவி ஒருத்தி நாள்தோறும் மூன்று கல் தொலைவு நடந்தும் ஓடியும் வருவாள். ஆண்டு விழா ஓட்டத்தில் ஆண்பிள்ளைகளையும் பின்தள்ளி வந்தாள். குறுவட்டப் போட்டிக்கு அவளை அழைத்துச் செல்ல ஆளில்லை. யாமும் 'பாடம் கெடும்' என்று வாளாவிருந்தோம். அக்குற்றம் எமக்கும் உண்டு. கல்லூரியிலோ, பள்ளியில் பரிசு பெற்றவரையே அணியிற் சேர்த்தனர். மாலைப் பேருந்தை விட்டால் ஊர் திரும்ப வழியில்லாத அவள் திடற்பக்கம் செல்லவும் இயலவில்லை. பட்டம் பெற்று, வேண்டிய மதிப்பெண்ணும் பெற்று, உடற்கல்விக் கல்லூரி ஒன்றின் வாயிலில் நின்றாள். "ஓடிக் காட்டுகிறேன் ஐயா" என்றாளாம். "சான்றிதழைக் காட்டம்மா" என்றனராம். இன்று அவள் துணிக்கடையொன்றில் நாள் முழுதும் நின்றுகொண்டு வேலை செய்கிறாள்.

சான்றிதழ் எங்கே பிறக்கிறது? குறுவட்டப் போட்டியிற் பிறக்கிறது. அங்கே பிள்ளையின் பெயரைப் பதிந்து, பேருந்தேற்றி, உடன் நின்று, மாலையில் வீடு சேர்ப்பவர் யார்? உடற்கல்வி ஆசிரியர். அவ்வாசிரியர் இல்லாத பள்ளியில் சான்றிதழ் பிறப்பதில்லை. சான்றிதழ் பிறவாத ஊரிலிருந்து உடற்கல்வி ஆசிரியர் தோன்றுவதில்லை. அத்தகைய ஊருக்குப் பணியேற்க வரும் வெளியூரார் இடமாற்றம் கிடைத்தவுடன் செல்கின்றனர். பணியிடம் மீண்டும் வெறுமையாகிறது. செக்கு மாடு போல இவ்வட்டம் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகிறது. இதனைச் சேர்க்கை நெறிமுறை அறுக்கவில்லை, இறுக்குகிறது.

சட்டமும் இங்குத் துணைநிற்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்றது. ஆனால் உடற்கல்வி கற்பிப்போரைப் பற்றிக் கூறுகையில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் மட்டும், அதுவும் பகுதிநேரப் பயிற்றுநர் என்றது. நூறு பிள்ளைகள் இல்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு அதுவும் இல்லை. 2012-இல் தமிழ்நாட்டு அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தியபோது, அவர்தம் தொடக்க ஊதியம் திங்களுக்கு 5,000 உருபா. கிழமைக்கு மூன்று அரைநாள் வந்து செல்வோர் எந்தப் பிள்ளையை எந்தப் போட்டிக்கு அழைத்துச் செல்வர்?

ஓர் ஆசிரியரின் கண் ஒரு பிள்ளைமேற் படுவதால் என்ன நேரும் என்பதற்குச் சான்று வேண்டுமா? சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து அகவையில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய சிறுவன் மாரியப்பன். அவன் தாவும் திறம் கண்டு ஊக்கியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியரே. 2016-இல் இரியோ நகரில் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன் வென்றார் மாரியப்பன். மதுரைச் சக்கிமங்கலத்து இரேவதி, பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய அவரைப் பயிற்றுநர் கண்ணன் கண்டெடுத்தார். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தொடரோட்டம் ஓடினார். காண ஒரு கண் வாய்த்ததனால் இவ்விருவரும் விளங்கினர். காணப்படாமலே மண்ணோடு மண்ணாகிப் போனார் எத்தனை பேர்?

'வாயிலை அகலத் திறந்தால் தகுதியற்றோர் நிறைந்துவிடுவர்' என்பார் உளர். அவ்வச்சத்தை யாம் எள்ளவில்லை. இப்பட்டம் எளிதாகிவிடல் ஆகாது. உச்சி வெயிலில் மயங்கி விழும் பிள்ளையை எங்ஙனம் குளிர்விப்பது, முறிந்த எலும்பை அசையாமல் எங்ஙனம் கட்டுவது, நெஞ்சுத் துடிப்பு நின்றவனுக்கு மருத்துவர் வரும்வரை என் செய்வது என்பன அறியாதவன் கையில் பிள்ளைகளை ஒப்படைத்தல் கொடிது. ஆதலின் தகுதியைக் குறையுங்கள் என்று யாம் கேட்கவில்லை. தகுதியை அளக்கும் கோலை மாற்றுங்கள் என்றே கேட்கிறோம். பங்கேற்புச் சான்றிதழ் எதனை அளக்கிறது? ஒருநாள் ஓரிடத்தில் ஒருவர் இருந்தார் என்பதை அளக்கிறது. அவர் எவ்வளவு விரைவாக ஓடினார் என்பதையோ, நொண்டி நிற்கும் பிள்ளையை அரவணைப்பாரா என்பதையோ அளப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் மூதாட்டியரும் அறிந்த ஒன்று.

யாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, களத்தை முன்னே வையுங்கள். பட்டமும் மதிப்பெண்ணும் உடைய எவரையும் உடற்றகுதித் தேர்வுக்கு விடுங்கள். ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவற்றைக் கடிகாரத்தையும் அளவு நாடாவையும் கொண்டு, பலரும் காண வெளிப்படையாக அளவுங்கள். குறித்த அளவை எட்டியவரைச் சான்றிதழ் உடையாரோடு நிகராகக் கருதுங்கள். நாடாவுக்கு ஏழை செல்வர் வேற்றுமை தெரியாது.

இரண்டாவது, நெறிமுறை மாறும்வரை, பள்ளியோ கல்லூரியோ பரிந்துரைக்காமலேயே எவரும் பங்கேற்கத்தக்க ஏற்புடைய போட்டிகளை மாவட்டந்தோறும் நடத்துங்கள். இஃது இயலாத ஒன்றன்று. 2023-இல் நடந்த முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி மாணாக்கரோடு பொதுமக்களுக்கும் தனிப்பிரிவு இருந்தது. அத்தகைய போட்டியில் பெறும் சான்று சேர்க்கைக்கும் செல்லுமாறு செய்க.

மூன்றாவது, கற்பிக்கும் திறத்தை அளந்து பாருங்கள். பத்துப் பிள்ளைகளையும் ஒரு பந்தையும் கொடுத்து, அரைமணி நேரம் ஆடவிடச் சொல்லுங்கள். வலிய பிள்ளையே பந்தை வைத்திருக்க விடுகிறாரா, ஓரத்தில் நிற்கும் மெலிந்த பிள்ளைக்கும் பந்து போய்ச் சேருமாறு செய்கிறாரா என்று பாருங்கள். ஆசிரியர் யார் என்பது அவ்வரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தில்லியில் வகுக்கப்பட்ட நெறிமுறை நம் சிற்றூரின் நெருஞ்சி மேட்டைக் கண்டதில்லை. கண்டிருந்தால் சான்றிதழை முதலிலும் களத்தைப் பின்னும் வைத்திராது. கல்வி 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றது உண்மையே. ஆயினும் தன் பல்கலைக்கழகத்தின் குரலாலும் தன் சட்டமன்றத்தின் குரலாலும் இந்நெறிமுறையை மாற்றக் கேட்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு இன்றும் உண்டு. கேளாதிருப்பது நம் பிழை.

ஆசிரியத் தோழர்களே! நும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லையெனில், இவ்வாண்டுக் குறுவட்டப் போட்டிக்கு நீவிரே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒருநாட் பாடம் கெட்டால் கெடட்டும். அதனை மறுநாள் நடத்திக்கொள்ளலாம். அன்று யாம் செய்யத் தவறியதை இன்று நீவிர் செய்யுங்கள். ஆள்வோரே! "ஓடிக் காட்டுகிறேன்" என்று கேட்பவளுக்கு முதலில் திடலைக் காட்டுங்கள்.