வசியம் கண்ணில் இல்லை

நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ தனியாக நிற்கும் பெண்ணிடம் இருவர் பேச்சுக் கொடுக்கிறார்கள். முகவரி கேட்கிறார்கள்; அல்லது வீட்டில் ஏதோ தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண் தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். “கண்ணைப் பார்த்துப் பேசினாங்க சார், அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல” என்று புகார் தருகிறார். மறுநாள், ‘ஹிப்னாடிசம் செய்து நகை பறிப்பு’ என்று தலைப்பு வருகிறது. 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ படம் இந்த நம்பிக்கைக்கு ‘நோக்கு வர்மம்’ என்று ஒரு பெயரையும் புழக்கத்தில் விட்டது. அதில் வில்லன் ஒரு பார்வை பார்த்தால் போதும், தெருவில் போகிறவர்கள் அவன் ஏவலாட்கள் ஆகிவிடுவார்கள்.

பொழுதுபோக்குதானே என்று இதை விட்டுவிட முடியாது. இந்த நம்பிக்கையால், ஹிப்னாடிசத்தால் உண்மையிலேயே வலி குறையக்கூடிய நோயாளிகள் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். அது பயன்படாத இடங்களுக்கோ பலர் பணத்தோடு போய் நிற்கிறார்கள். அதனால் இதில் அடங்கியிருக்கும் கூற்றுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையானது, வல்லமை செய்பவரிடம் இருக்கிறது என்பது. அவர் கண்ணிலிருந்தோ கையிலிருந்தோ ஏதோ ஒன்று எதிரே இருப்பவருக்குள் பாய்கிறது என்கிறார்கள். இது சோதிக்கப்பட்டுப் பொய்யான ஆண்டு 1784. வியன்னாவிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த மருத்துவர் ஃபிரான்ஸ் மெஸ்மர், தன்னிடம் ஒருவகைக் காந்த சக்தி இருப்பதாகவும் அதைப் பாய்ச்சி நோய் தீர்ப்பதாகவும் சொல்லி ஊரையே கலக்கிக்கொண்டிருந்தார். பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு அமைத்தார். வேதியியலாளர் லவாய்சியே அதில் இருந்தார். அமெரிக்காவின் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். வயதும் நோயும் ஃபிராங்க்ளினை அலைய விடாததால், பாஸி என்ற இடத்தில் அவர் வீட்டிலேயே சில சோதனைகள் நடந்தன.

அவற்றுள் ஒன்று இது. மெஸ்மரின் சீடர் தெலோன் தோட்டத்தில் ஒரு பாதாமி மரத்துக்குக் ‘காந்தமேற்றினார்’. அவரே தேர்ந்து கொண்டுவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். முதல் மரத்தடியில் அவனுக்கு வியர்த்தது, இருமினான். அடுத்த மரங்களில் தலை கனத்தது, கிறுகிறுத்தது. நான்காவது மரத்தடியில் கைகால் விறைத்து மயங்கியே விழுந்துவிட்டான். காந்தமேற்றிய மரம் அங்கிருந்து 24 அடி தள்ளி நின்றது. சக்தி என்று எதுவும் அவனுக்குள் போகவில்லை என்பதே குழுவின் முடிவு. அவன் எதிர்பார்ப்பே அவனை விழச் செய்தது. அந்த எதிர்பார்ப்பு ஓர் உடம்பை இவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறதே, அது எப்படி என்று குழு மேற்கொண்டு தோண்டவில்லை. உண்மையில் ஹிப்னாடிசத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அதைத் தோண்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 1756இல் கோவாவின் காண்டோலிம் கிராமத்தில் பிறந்து, பாதிரியாராகிப் பாரிஸில் குடியேறிய அபே ஃபாரியா, 1813 முதல் பொதுமக்கள் முன்னிலையில் ஆட்களை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்திக் காட்டினார். காந்தமும் இல்லை, பாயும் சக்தியும் இல்லை, காரணம் முழுவதும் உட்படுகிறவரிடமே இருக்கிறது என்று அவர் சொன்னார். பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்தின் அருகே அவர் சிலை நிற்கிறது. சாய்ந்து விழும் ஒரு பெண்ணின் மேல் அவர் கைகளை விரித்து நிற்பதுபோல வடித்திருக்கிறார்கள். சிறப்பான சிலைதான். ஆனால் பார்க்கிறவருக்கு, அவர் கையிலிருந்து ஏதோ பாய்ந்து அவளைச் சாய்ப்பதாகவே தோன்றும். எந்தக் கருத்தை மறுத்து அவர் வாழ்ந்தாரோ அதையே அவர் சிலை சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஃபாரியா சொன்னதை இருபதாம் நூற்றாண்டு அளந்தே காட்டிவிட்டது. 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹாஃபர், ஹில்கார்டு இருவரும், ஒருவர் எவ்வளவு உட்படுவார் என்று அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் பன்னிரண்டு சிறு சோதனைகள். நீட்டிய கை கனத்துத் தாழ்கிறது, கோத்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை, ஈ ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டு கையில் உட்காருகிறது என்றெல்லாம் சொல்லப்படும். சிலர் இல்லாத ஈயை முகஞ்சுளித்து விரட்டுவார்கள். சிலருக்கு எதுவுமே நேராது. பத்தில் ஒருவரிலிருந்து ஏழில் ஒருவர் வரை மிக நன்றாக உட்படுவார்கள். ஏறக்குறைய அதே அளவினருக்கு இது அறவே ஒத்துவராது. மற்றவர்கள் நடுவில் நிற்பார்கள். மாணவர்களாக இருந்தபோது அளக்கப்பட்டவர்களை 25 ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது, அவர்கள் மதிப்பெண் பெரிதாக மாறியிருக்கவில்லை. திறமை பார்ப்பவரின் கண்ணில் இருந்தால் இது நடக்குமா? இசைஞானம் போல இது உட்படுகிறவரிடம் இருக்கும் ஒரு தன்மை. அது மனவலிமை இல்லாதவர்களுக்கு உரியது என்பதும் தவறு. நாவலில் மூழ்கினால் பக்கத்தில் கூப்பிடுவது காதில் விழாதவர்கள் இருக்கிறார்களே, அப்படி ஒன்றில் தோய்ந்துபோகும் இயல்புக்கும் இதற்கும் ஓரளவு தொடர்பு உண்டு. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மேடை ஹிப்னாடிஸ்டின் வெற்றிக்கும் காரணம் இதுவே. அரங்கம் முழுவதையும் முதலில் விரல் கோக்கச் சொல்வார். பிரிக்க முடியாமல் திணறுகிறவர்களை மட்டும் மேடைக்கு அழைப்பார். அவர்களிலும் தயங்குகிறவர்களை மெல்லத் திருப்பி அனுப்பிவிடுவார். மீதி இருப்பவர்கள் நன்றாக உட்படக்கூடியவர்கள், அதோடு ஆடத் தயாராக வந்தவர்கள். நாம் பார்ப்பது அந்தப் பொறுக்கிய சிலரை மட்டுமே.

இனி தூக்கம். ‘தூங்கு, தூங்கு’ என்று சொல்லித்தானே செய்கிறார்கள் என்பார்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், ஹிப்னாடிச நிலையில் இருப்பவருடையது விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கும். ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான பேரலைகள் அதில் இருக்காது. 1976இல் பான்யாய், ஹில்கார்டு இருவரும், ஓடாமல் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளில் கண் திறந்தபடி மிதித்துக்கொண்டிருந்தவர்களையே இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். உடல் தளர வேண்டியதும் இல்லை, கண் மூட வேண்டியதும் இல்லை. கவனம் ஒன்றில் குவிந்து, மற்றவை பின்னுக்குப் போய், சொல்லப்படும் கருத்து தானாக நடப்பது போன்ற உணர்வு வர வேண்டும். அவ்வளவே. ‘விழிக்காமலே போய்விட்டால்?’ என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. செய்தவர் பாதியில் எழுந்து போய்விட்டால், உட்பட்டவர் சற்று நேரத்தில் தானாகக் கண் திறப்பார். அசதியாக இருந்தால் சாதாரணமாகத் தூங்கி எழுவார்.

எதை வேண்டுமானாலும் செய்ய வைத்துவிடலாம் என்பது அடுத்தது. இதை ஆர்ன், எவான்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1965இல் சோதித்து வெளியிட்டார்கள். ஆழ்ந்து உட்பட்டவர்களிடம், நச்சுப்பாம்பைப் பிடி, அமிலத்தில் கிடக்கும் நாணயத்தை வெறுங்கையால் எடு, அந்த அமிலத்தை உதவியாளர் முகத்தில் வீசு என்றார்கள். (யாருக்கும் காயம் நேராதபடி மறைவான ஏற்பாடுகள் இருந்தன.) ஆறு பேரில் ஐந்து பேர் செய்தார்கள். இதை மட்டும் படித்தால் உடம்பு நடுங்கும். ஆனால் ஹிப்னாடிசத்துக்கு உட்படாமல், உட்பட்டதுபோல நடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட வேறு ஆறு பேரும் இருந்தார்கள். அந்த ஆறு பேரும் அத்தனையையும் செய்தார்கள்! பல்கலைக்கழகத்தில் நடக்கும் சோதனை, நமக்கு ஆபத்து வரவிட மாட்டார்கள் என்று நம்பியிருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். அவர்களைச் செய்ய வைத்தது அதிகாரத்தின் மேல் இருந்த நம்பிக்கை. அதற்கு ஹிப்னாடிசம் தேவைப்படவில்லை.

இதனால் பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘விருப்பத்துக்கு மாறாக எதுவும் நடக்காது’ என்று இத்துறையினர் தரும் உறுதிமொழி எனக்குப் போதுமானதாகப் படவில்லை. கதவு சாத்திய அறை, மருத்துவர் என்ற மதிப்பு, உதவி தேடி வந்தவரின் தவிப்பு, இவை மூன்றும் சேர்ந்தால் கெட்ட நோக்கம் கொண்ட ஒருவர் ஹிப்னாடிசம் இல்லாமலேயே அத்துமீற முடியும். நகை பறிப்பிலும் இதுதான் நடக்கிறது. முன்பின் தெரியாதவர், நெரிசலான இடத்தில், விருப்பமும் ஒத்துழைப்பும் இல்லாத ஒருவரை ஒரு பார்வையில் உட்படுத்த வழியே இல்லை. அங்கே வேலை செய்வது அவசரம், பயம், கவனத்தைச் சிதறடிக்கும் பேச்சு, பக்கத்தில் நின்று ‘ஆமாம்மா, எனக்கும் பலிச்சுது’ என்று ஒத்து ஊதும் கூட்டாளி. வீடியோ அழைப்பில் காவல் அதிகாரி வேடத்தில் வந்து, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் படித்தவர்களின் சேமிப்பையெல்லாம் பிடுங்குகிறார்களே, அதுவும் இதே வகை. ஏமாந்தவர் பொய் சொல்லவில்லை. பதற்றத்தில் நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவில் நிற்கும். ஆனால் ‘ஹிப்னாடிசம்’ என்று தலைப்பிட்டுவிட்டால், அடுத்தவர் எதற்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற செய்தி காணாமல் போய்விடுகிறது.

மிகப் பெரிய கேடு விளைவித்த கூற்று வேறு. மறந்ததையெல்லாம் ஹிப்னாடிசம் தோண்டி எடுத்துவிடும், ஆழ்மனம் பொய் சொல்லாது என்பதே அது. 1983இல் லாரன்ஸ், பெர்ரி இருவரும் நன்றாக உட்படக்கூடிய 27 பேரை எடுத்துக்கொண்டார்கள். சென்ற வாரம் எந்தச் சலனமும் இல்லாமல் தூங்கியதாக அவர்களே சொன்ன ஓர் இரவைத் தேர்ந்து, அன்று பெரிய சத்தம் கேட்டு விழித்தீர்களா என்று ஹிப்னாடிச நிலையில் கருத்தேற்றினார்கள். நிலையிலிருந்து வெளியே வந்த பிறகும் 13 பேர், ஆமாம், சத்தம் கேட்டது என்றார்கள். அது புகுத்தப்பட்டது என்று சொன்ன பிறகும் சிலர் மாறவில்லை. கூடுதலாக நினைவு வருவது உண்மை. வருவதில் சரியும் தவறும் கலந்தே வரும், தவறின் மேலும் அசையாத உறுதி வந்துவிடும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இல் இதைத்தான் எச்சரித்தது. அதற்கு முன்பே, 1982இல், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இப்படி வரும் சாட்சியத்துக்குத் தடை போட்டிருந்தது. (இங்கே பலர் இதனோடு குழப்பிக்கொள்ளும் நார்கோ சோதனை, மருந்து செலுத்திச் செய்வது. ஒருவர் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது.)

முற்பிறவிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லும் வணிகம் நிற்பது இந்தத் தவறான நம்பிக்கையின் மேல்தான். அமெரிக்காவின் பியூப்லோ நகரில் 1952இல் ஒரு பெண், ஹிப்னாடிச நிலையில், தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பிரைடி மர்ஃபி என்ற பெயரில் வாழ்ந்ததாகப் பேசினார். 1956இல் புத்தகம் வந்து அமோகமாக விற்றது. அயர்லாந்தில் தேடியவர்களுக்கு அப்படி ஒருத்தி பிறந்ததற்கோ இறந்ததற்கோ பதிவு கிடைக்கவில்லை. அந்தப் பெண் சிறுமியாக வளர்ந்த சிகாகோ தெருவில், எதிர்வீட்டில் பிரைடி மர்ஃபி என்ற இயற்பெயருள்ள ஐரிஷ் பெண்மணி இருந்ததாக ஒரு நாளிதழ் எழுதியது. பின்னாளில் கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் நடத்திய ஆய்வுகளில், முற்பிறவியில் என்னவாக இருந்திருக்கக்கூடும் என்று முன்கூட்டியே கோடிகாட்டினால், வரும் ‘நினைவும்’ அதற்கேற்ப மாறியது. மறுபிறவி உண்டா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஹிப்னாடிசத்தில் வரும் காட்சி அதற்குச் சான்றாகாது என்று மட்டுமே சொல்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, போன பிறவியின் பாவத்தைக் காட்டிப் பணம் வாங்குவது பெருங்கொடுமை.

இவ்வளவும் கேட்டபின் சிலர் மறுகோடிக்குப் போய், ‘அப்படியானால் எல்லாம் நடிப்பு’ என்பார்கள். அதையும் ஏற்பதற்கில்லை. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் நாம் எல்லோரும் ஒரு கணம் தடுமாறுவோம். எழுத்தைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. அமீர் ராஸ் 2002இல், நன்றாக உட்படுகிறவர்களிடம், திரையில் வருவது உங்களுக்குத் தெரியாத அந்நிய மொழி எழுத்து என்று கருத்தேற்றினார். அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய மறைந்தது. நொடியில் சிறு பங்காக அளக்கப்படும் இந்தத் தாமதத்தை நடித்துக் குறைப்பது எளிதல்ல. 1997இல் பியர் ரேன்வில் குழுவினர், கையைச் சுடுநீரில் வைத்திருந்தவர்களுக்கு, வலியின் துன்பம் குறையும் அல்லது கூடும் என்று கருத்தேற்றி மூளையைப் படம்பிடித்தார்கள். வலியின் துன்பத்தோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் புறணியின் செயல்பாடு அதற்கேற்ப மாறியது. நீரின் சூடு மட்டும் மாறவே இல்லை.

வலிக்கு இதைப் பயன்படுத்துவதில் நம் நாட்டுக்கும் வரலாறு உண்டு. ஈதர் மயக்க மருந்து வருவதற்கு முந்தைய ஆண்டான 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், மெஸ்மர் முறையில் உட்படுத்தி, பெரும் கட்டிகளையே அகற்றத் தொடங்கினார். இன்று அத்தாட்சி உள்ள இடங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. 2000இல் ‘லான்செட்’ இதழில் வந்த எல்விரா லாங் குழுவினரின் ஆய்வில், விழித்தபடியே இரத்தக்குழாய், சிறுநீரகச் சிகிச்சை பெற்ற 241 பேரில், ஹிப்னாடிச உதவி பெற்றவர்களுக்கு மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. சிகிச்சை நேரமும் சராசரி 78 நிமிடங்களிலிருந்து 61 ஆகக் குறைந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் 1992 முதல் உள்ளூர் மரப்பு மருந்தோடு சேர்த்து, முழு மயக்கம் இல்லாமல் அறுவை செய்கிறார்கள். ஓயாத வயிற்றுவலியும் மாறிமாறி வரும் மலச்சிக்கல், பேதியும் கொண்ட குடல் எரிச்சல் நோய்க்கு, ஓராண்டு மருந்துக்கும் அடங்காவிட்டால் இதை யோசிக்கலாம் என்கிறது இங்கிலாந்தின் ‘நைஸ்’ மருத்துவ அமைப்பின் வழிகாட்டி. சிகரெட்டை விடுவதற்கு இது மற்ற வழிகளைவிட மேல் என்று உறுதியான அத்தாட்சி கிடைக்கவில்லை, விளம்பரங்கள் எவ்வளவு சொன்னாலும்.

ஆகவே, இதைப் பயன்படுத்த நினைப்பவர் பார்க்க வேண்டியது செய்பவரின் கண்ணையோ குரலையோ அல்ல. ஹிப்னாடிசம் இல்லாமலும் இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் தகுதி அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவராகவோ, பல் மருத்துவராகவோ, பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளராகவோ இருக்க வேண்டும். மனச்சிதைவு நோய் உள்ளவர் என்றால் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கூட ஒருவர் இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னால் அவர் மறுக்கக் கூடாது. உங்கள் மறந்துபோன நினைவுகளையோ முற்பிறவியையோ எடுத்துத் தருகிறேன் என்று அவர் தொடங்கினால், கட்டணம் கட்டுவதற்கு முன் எழுந்து வந்துவிடுங்கள்.