முதல் ட்ரோன்: பெற்றோரும் இளையோரும் அறிய வேண்டியவை

வன்னி வானில் வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் "வண்டு" என்றே அழைத்தனர். வண்டு இரைந்தால் எறிகணையோ குண்டுவீச்சோ பின்தொடரும் என்ற அச்சத்துடன் 2009 வரை பதுங்குகுழியோரம் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், இன்று சூரிச்சிலும் பேர்ணிலும் கமரா பொருத்திய ட்ரோனைப் பரிசாகக் கேட்கின்றனர். பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. ஆயினும் அத்தயக்கம் வெறும் மறுப்பாக முடிந்துவிடலாகாது.

சுவிற்சர்லாந்தில் ட்ரோன் என்பது போர்க்கருவியாக மட்டும் அறியப்பட்ட ஒன்றன்று. லவுசான் தொழில்நுட்ப உயர்கல்லூரியின் ஆய்வுகளிலிருந்து 2009இல் சென்ஸ்ஃபிளை, 2014இல் ஃபிளையபிலிட்டி ஆகிய நிறுவனங்கள் தோன்றின. நில அளவை, வேளாண்மை, ஆபத்தான கட்டடங்களின் ஆய்வு எனத் தொழில்வாய்ப்புகள் விரிகின்றன. தமிழ் இளையோருக்கும் இத்துறையில் இடமுண்டு.

எனவே வாங்குவதா என்பதைவிட, எதனை வாங்குவது என்பதே கேள்வியாக வேண்டும். மிக மலிவான விளையாட்டு ட்ரோன்கள் பலவற்றில் செய்மதி வழி நிலையறியும் வசதி இல்லை. சிறு காற்றிலேயே அவை அடித்துச் செல்லப்படும். பெட்டியில் "4கே" என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறுவோர் பலர். சில நூறு பிராங்குக்குக் கிடைக்கும், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனே தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. படம் நடுங்காமல் காக்கும் மூவச்சு நிலைப்படுத்தி, புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்பும் வசதி, எளிதில் கிடைக்கும் மாற்று இறக்கைகள் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். மேலதிக மின்கலத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடைக்கு முதன்மை அளிப்பதற்குக் காரணம் சட்டமாகும். 2023 சனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதிகள் சுவிற்சர்லாந்திலும் நடைமுறையில் உள்ளன. 250 கிராமுக்குக் குறைந்தவற்றுக்குத் தேர்வு கட்டாயமில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தேர்வும், குறைந்தது 10 இலட்சம் பிராங்குக்கான பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். எடை குறைந்தாலும், விளையாட்டுப் பொருள் என்ற வகையில் அடங்காத கமரா ட்ரோனை இயக்குபவர் கூட்டாட்சி வான்போக்குவரத்துப் பணியகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். 120 மீற்றருக்கு மேல் பறக்கவிடலாகாது. ட்ரோன் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். விமான நிலையச் சூழல்களும் காட்டுயிர்க் காப்பிடங்களும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை அரசின் ட்ரோன் வரைபடம் காட்டுகிறது. பறப்பவருக்குரிய வயதெல்லையையும் வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழர் சமூகம் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயில் தேர்த்திருவிழாவையும் ஜெனீவா ஐ.நா. முன்றலின் பேரணியையும் மேலிருந்து படமாக்க இளையோர் விரும்புவது இயல்பே. ஆனால் திரண்டிருக்கும் மக்களுக்கு மேலாகப் பறக்கவிடுவது இவ்வகை ட்ரோன்களுக்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஒருவரின் ஆர்வக்கோளாறு முழு நிகழ்வுக்கும் அவப்பெயர் தேடித்தரும். அக்கூட்டத்தில் வண்டின் இரைச்சலை மறவாத முதியோரும் நிற்பார்கள்.

தாயகம் செல்லும்போதும் எச்சரிக்கை தேவை. இலங்கையில் 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களை அடுத்து ட்ரோன்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தன. முன் அனுமதி பெறாமல் அங்கு எடுத்துச் செல்வது வீண் இடர்.

பிள்ளை கேட்கும் ட்ரோனைப் பெற்றோர் கூடவே சென்று தெரிவு செய்யட்டும். வண்டு என்ற பெயரின் கதையையும் அப்போதே சொல்லட்டும். அக்கதை அறிந்த பிள்ளை, பிறர் தலைக்கு மேல் எதைப் பறக்கவிடுவதற்கு முன்பும் ஒருகணம் சிந்திக்கும்.