இரவல் பெயர்

ஒருவர் இன்னொருவராக வேடந்தாங்கும் கதை எம்மவர்க்குப் புதிதன்று. 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், மன்னனின் ஆசனத்தில் சாதாரணக் குடிமகன் அமர்ந்தபோது கொட்டகைகள் ஆர்ப்பரித்தன. படம் முடியுமுன் உண்மை வெளிப்பட்டுவிடும். இரசிகரும் நிம்மதியாக வீடு திரும்புவர்.

2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில் அந்த நிம்மதி இல்லை. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் இப்படத்தில், முன்னாள் போராளி ஒருவன் இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டோடு பிரான்சுக்கு வருகிறான். முன்பின் அறியாத பெண்ணொருத்தி மனைவி. பெற்றோரை இழந்த சிறுமியொருத்தி மகள். நாயகனாக நடித்த ஷோபாசக்தியும் இளவயதில் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சில் அகதியானவரே. இறுதிக் கட்ட வன்முறை எமக்கு உவப்பானதன்று. எம்மவன் ஆயுதம் தூக்கினால்தான் மேற்குலகுக்குப் படம் முடியும் போலும்! ஆயினும், தாயல்லாத தாயிடம் அச்சிறுமி அன்பை எதிர்பார்த்து நிற்கும் காட்சிகளை எம்மால் இலகுவில் மறக்க முடியவில்லை.

பாரிஸ் புறநகரின் இக்கதை ஒஸ்லோவுக்கு அந்நியமானதா? குறொன்லாண்டில் பொலிஸ் தலைமையகத்தைக் கடந்து மரக்கறி வாங்கச் செல்லும் எம்மவருள், தாய் இட்ட பெயர் ஒன்றும் அட்டையில் உள்ள பெயர் வேறொன்றுமாக வாழ்பவர் எத்தனை பேரென்று நாம் எண்ணப் போவதில்லை. சொந்தப் பெயரில் விசா கிடைக்காதவர்கள், முகவர் கொடுத்த பெயரில் விமானம் ஏறினர். சட்டவிரோதமாக நுழைந்தாலும், தாமதமின்றித் தம்மை வெளிப்படுத்தும் அகதியைத் தண்டிக்கலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. ஆனால் அந்தப் பெயரிலேயே தொடர்ந்து வாழ்வது வேறு விடயம். தெரிந்தே தவறான தகவல் கொடுத்துப் பெற்ற அனுமதியை மீளப் பெற நோர்வேயின் 2008ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே வாய்கள் மூடிக்கொள்கின்றன. அந்த அச்சத்தைக் குறை கூற நாம் யார்?

எமது வழக்கில் தகப்பனின் பெயரே பிள்ளையின் முதலெழுத்து. இங்கே அது குடும்பப் பெயராகப் பதியப்படுகிறது. எவரோ ஒருவரின் பெயரைப் பேரப்பிள்ளையும் நோர்வேஜிய உச்சரிப்பில் சுமக்கிறான். அப்பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டில் எவரும் கேட்பதில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்காவது வீட்டுக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதே எமது கருத்து. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. உயிர் தப்ப வேறு வழி இருக்கவில்லை என்பதை அவர்கள் விளங்கிக்கொள்வர். ஊரிலிருந்து அப்பம்மா தொலைபேசியில் மகனைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, ‘‘அது யார் அப்பா?’’ என்று பிள்ளை கேட்கிறது. தகப்பன் சிரித்து மழுப்பிவிட்டு மற்ற அறைக்குப் போய்க் கதைக்கிறான்.